என் வீட்டில் இன்னொரு கோவிந்தன்

சண்டைக்கு ஒத்திகை பார்க்கக் கூடாது. பார்த்தே தீர வேண்டும் என்றால், எதிராளியின் வேஷத்தை மனைவியிடம் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தவன் நான். இன்னும் உயிரோடு இருக்கிறேன், தொழிலும் கையை விட்டுப் போகவில்லை, மனைவியும் அதே மனைவிதான். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

(சமரசப் பேச்சில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அந்த அறையில் இருந்த எல்லாரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எல்லாரும் உடனே சரி என்றார்கள். கோவிந்தன் அண்ணன் மட்டும், "அந்தப் போட்டோ கதைய வுடக் கூடாது தம்பி" என்று நிபந்தனை போட்டார். விடவில்லை அண்ணா, வருகிறது.)

எனக்கு ஒடுகத்தூர். ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில், கோவிந்தன் அண்ணனும் நானும் கூட்டாகச் சாமை மில் வைத்திருக்கிறோம். மில் என்றதும் புகைபோக்கி எல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, சாமையின் உமியை நீக்கி அரிசியாக்கும் ஒரு மிஷின், அவ்வளவுதான். மலையில் விளைகிற சாமையைச் சேர்த்து அரைத்துக் கொடுப்பது அண்ணன் வேலை. அதைப் பாக்கெட் போட்டு வேலூர், ஆம்பூர்க் கடைகளுக்குக் கொடுப்பது என் வேலை. கொட்டகைக் கதவுக்கு அப்போது பூட்டே கிடையாது. ஒரு கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டுப் போய்விடுவோம்.

முதலில் போட்டோ. பாக்கெட்டில் ஒரு மலை விவசாயியின் படம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அச்சகத்தில் சொன்னார்கள். மலை விவசாயியான அண்ணனைக் கேட்டிருக்கலாம். ஆனால் அச்சகத்துக்காரர் அவசரப்பட்டார், அண்ணன் மலையில் இருந்தார், நான் பக்கத்திலேயே இருந்தேன். (இதற்கு மேல் என்னிடம் நியாயம் எதுவும் இல்லை.) தலையில் துண்டைக் கட்டி, யாரோ கொடுத்த கதிர் அரிவாளைத் தோளில் சாய்த்து, தூரத்து மலையைப் பார்ப்பதுபோல நின்றேன். உண்மையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது எதிர்க்கடை மிக்சி விளம்பரத்தை. அரிவாளை அந்த மாதிரி யாரும் பிடிக்க மாட்டார்கள் என்பது பாக்கெட் மலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஊரே சொன்னது. அண்ணன் மட்டும் குறை சொல்லவில்லை. பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா கீது" என்று வைத்துவிட்டார்.

அடுத்தது மிஷின். மலையில் கரன்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். கடைக்காரர்கள் என்னைப் பிடுங்கி எடுத்தார்கள். மிஷினைக் கழற்றி ஒடுகத்தூருக்குக் கொண்டுவந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். பதில் வரவில்லை. "சரி, சம்மதம்தான்" என்று எடுத்துக்கொண்டேன். அவர் ஊரில் டவர் கிடையாது, ஊருக்கு வெளியே ஒரு பாறையின் மேல் ஏறி நின்றால்தான் போனில் எதுவும் வரும் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். போகும்போதெல்லாம் அந்தப் பாறையில் பாதி நாளைக் கழிப்பவனே நான்தான். அப்படியும் லாரி பேசி, மிஷினைக் கழற்ற ஆளையும் அனுப்பிவிட்டேன்.

லாரி போன நேரம் அண்ணன் காட்டில் இருந்தார். ஊர்க்காரர் ஒருவர் ஓடிப்போய்ச் சொல்ல, வந்தார், லாரியைத் திருப்பி அனுப்பினார், கொட்டகைக் கதவில் பெரிய பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டார். கேள்விப்பட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. என் பங்கும் இருக்கிற மில்லை அவர் எப்படிப் பூட்டலாம்? நேரே மலைக்குப் போனேன். நியாயமாகப் பார்த்தால் பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? பக்கத்தில் என் பூட்டு ஒன்றையும் மாட்டிவிட்டு வந்தேன்.

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. சாமை அறுப்பு முடிந்து, மலைச் சனங்கள் மூட்டைகளைக் கொட்டகைத் தாழ்வாரத்தில் கொண்டுவந்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேகம் வேறு கூடியது. மழை பிடித்தால் மூட்டை நாறிப்போகும். மழை பிடிக்காவிட்டால் வியாபாரிகள் வந்து கிடைத்த விலைக்கு அள்ளிக்கொண்டு போவார்கள். எப்படியானாலும் அந்த வருஷம் எனக்கும் அண்ணனுக்கும் தொழில் கிடையாது. ஒரு வருஷம் போனால் அப்புறம் எங்களை நம்பி யார் சாமை கொடுப்பார்கள்?

திருப்பத்தூரில் ஒரு வக்கீலிடம் போனேன். "அவர் மேல கேஸ் போடணும் சார்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"போடலாம். கேஸ் முடியறதுக்குள்ள உங்க சாமை மூட்டையிலயே முளைச்சு, அறுத்து, திரும்பவும் அரைக்க வந்துடும். பரவாயில்லையா?"

"வேற வழி இருக்குதா சார்?"

"சமரச மையம் இருக்குது. நடுவுல ஒருத்தர் உக்காருவாரு. அவரு தீர்ப்பு சொல்ல மாட்டாரு. நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வர்றதுக்கு உதவி பண்ணுவாரு. ஆனா சும்மா போய் உக்காராதீங்க, தயாராப் போங்க. உங்களுக்கு இன்னா வேணும்னு யோசிங்க, அது எதுக்கு வேணும்னும் யோசிங்க. முக்கியமா, அவருக்கு இன்னா வேணும்னு யோசிங்க. வூட்ல யாரையாவது அவரு மாதிரி உக்கார வெச்சுப் பேசிப் பாருங்க."

அவ்வளவு நல்ல புத்திமதியில் என் காதில் ஏறியது கடைசி வரி மட்டும்தான். அதையும் குஸ்திக்கு முன்னால் ஒரு ஆளை நிறுத்திக் குத்திப் பழகுவது மாதிரி எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் சோப்பு டப்பா பரிசு வாங்கியவன் நான். பேசியே அண்ணனை மடக்கிவிடலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கலைச்செல்வியைக் கூப்பிட்டு எதிரே நாற்காலியில் உட்காரச் சொன்னேன்.

"நீதான் கோவிந்தன் அண்ணன்" என்றேன்.

"அய்ய, எனக்கு வேற வேல இல்ல?" என்றாள்.

கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன். சரி என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இரண்டு தடவை செருமினாள். முழங்காலில் படீரென்று ஒரு தட்டு தட்டி, "அது இன்னான்னா தம்பி…" என்று தொடங்கினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் செருமல், அந்தத் தட்டு, அந்த இழுவை, எல்லாம் அப்படியே கோவிந்தன் அண்ணன்!

மிஷின் வாங்க, மூட்டை பார்க்க என்று நான் மலைக்குப் போகும்போதெல்லாம் கலையும் கூட வருவாள். நான் பாறையில் ஏறி டவர் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவள் கொட்டகையில் உட்கார்ந்து அண்ணனோடும் அரைக்க வந்த பெண்களோடும் பேசிக்கொண்டிருப்பாள். என்ன பேசினாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதையெல்லாம் சேர்த்து அந்த நாற்காலியில் இருந்து என் மேல் இறக்கினாள்.

முதல் ஒத்திகையில் தோற்றேன். இரண்டாவதிலும் தோற்றேன். மூன்றாவதில் பாதியிலேயே கோபித்துக்கொண்டு எழுந்து போனேன். "எங்க எழுந்து போற தம்பி, பதில் சொல்லிட்டுப் போ" என்று சமையல்கட்டு வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தாள். அந்த வாரம் முழுக்க வேஷத்தைக் கலைக்கவே இல்லை. சோறு போடும்போதும், "இன்னா தம்பி, ரசம் ஊத்தட்டுமா?" என்பாள். பக்கத்து வீட்டு அம்மா சுவரோரம் நின்று கேட்டுவிட்டு, "கட்ன புருஷனத் தம்பின்னு கூப்புடறியேடி, இன்னாடி கர்மம் இது?" என்று தலையில் அடித்துக்கொண்டார். நாங்கள் சமரசத்துக்குத் தயாராகிறோம் என்று விளக்கினேன். அதன் பிறகு அந்த அம்மா எங்கள் வீட்டுப் பக்கமே கொஞ்ச நாள் வரவில்லை.

தோற்றதால் நான் ஏதாவது கற்றுக்கொண்டேனா என்றால், இல்லை. கலைக்கு நடிப்பு ஜாஸ்தி, உண்மையான அண்ணன் இவ்வளவு பேச மாட்டார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். புதுச் சட்டை வாங்கினேன். தொடக்க உரையை மனப்பாடம் செய்தேன்.

அண்ணனும் வரச் சம்மதித்து, சமரசத்துக்குக் குறித்த நாளும் வந்தது. திருப்பத்தூர் கோர்ட்டு வளாகத்தில் ஒரு சின்ன அறை. வட்ட மேஜை, தண்ணீர் பாட்டில்கள், மின்விசிறி. கூண்டு இல்லை, சுத்தியல் இல்லை. எனக்கு அப்போதே ஏமாற்றமாக இருந்தது. சமரசர் ஒரு அம்மா, வயது ஐம்பது இருக்கும். எதிரே வெள்ளை வேட்டியில் கோவிந்தன் அண்ணன், அவர் பக்கத்தில் அவர் மச்சான் வேடியப்பன். எங்கள் மூட்டைகளை மலையில் இருந்து இறக்கும் ஜீப் அவருடையதுதான். துணைக்கு ஆளுக்கு ஒருவர் இருக்கலாம் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டதால் என் பக்கத்தில் கலை.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கலையைப் பார்த்து மட்டும், "நல்லா கீறியாம்மா?" என்றார்.

நான் எழுந்து நின்றேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். "பெருமதிப்பிற்குரிய சமரசர் அவர்களே! நீதி கேட்டு உங்கள் முன் நிற்கும்…"

"உக்காருங்க" என்றார் சமரசர் அம்மா. "நான் நீதி எதுவும் குடுக்கப் போறதில்ல. யாரு மேல தப்புன்னும் சொல்லப் போறதில்ல. என்னைப் பார்த்துப் பேசி என்ன பிரயோஜனம்? அவரைப் பார்த்துப் பேசுங்க."

அவரைப் பார்த்துப் பேசுவதா? மனப்பாடம் செய்த உரையில் ஒரு வரிகூட அதற்குத் தோதாக இல்லை. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் மீதி உரையும் மறந்துபோனது. வாயில் வந்ததை உளறினேன். "அண்ணனுக்கு… கரன்ட் போறதப் பத்திக் கவலையே இல்லீங்க. கடைக்காரன் கத்துறது அவர் காதுல விழாது. மிஷின் கீழ வந்தா அவருக்கு இன்னா நஷ்டம்னு கேளுங்க" என்று அவரைப் பற்றி அந்த அம்மாவிடமே திரும்பச் சொன்னேன்.

பக்கத்தில் இரண்டு செருமல் கேட்டது. படீரென்று ஒரு தட்டு.

"அது இன்னான்னா தம்பி…"

பேசியது அண்ணன் இல்லை, கலை. ஒரு வாரமாக நான் பேசப் பேச எதிர்ப்பேச்சு பேசிப் பழகிய வாய். நிற்கவில்லை. "கரன்ட் எங்க வூட்லயுந்தான் போவுது. மிஷினு கீழ போய்ட்டா எங்க பொம்பளைங்க வூட்டுச் சாமைய எங்க கொண்டும்போய் அரைப்பாங்க? பழையபடி ஒலக்கையத் தூக்கணுமா? அத்த நீ யோசிச்சியா?" கடைசிக் கேள்வியில்தான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவளுக்கு நினைவு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூமி பிளக்காதா என்று மேஜைக்கு அடியில் பார்த்தேன். என் பக்கத்துக்குத் துணையாக வந்தவள், எதிர்ப் பக்கத்துக்காக, எதிராளியின் குரலிலேயே வாதாடிவிட்டாள். கோவிந்தன் அண்ணனோ வாயைத் திறந்தது திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் முழங்காலைத் தட்டத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது.

அப்போது வேடியப்பன் குபீரென்று சிரித்தார். சிரித்துக்கொண்டே, "இங்கயுமா!" என்றார். விஷயம் என்னவென்றால், அவர்களுடைய வக்கீலும் அதே புத்திமதியைச் சொல்லியிருக்கிறார். ஒரு வாரமாக மலையிலும் ஒத்திகை நடந்திருக்கிறது. அங்கே நானாக நடித்தவர் வேடியப்பன்.

"எப்படி நடிச்சீங்க?" என்று கேட்டார் சமரசர் அம்மா. அவர் கேட்டிருக்க வேண்டாம்.

வேடியப்பன் எழுந்தார். துண்டைத் தலையில் கட்டினார். மேஜை மேல் இருந்த பேனாவை அரிவாள் மாதிரி தலைகீழாகத் தோளில் வைத்து, ஜன்னல் வழியாகத் தூரத்தில் எதையோ பார்த்தார். என் போட்டோ! அப்புறம் போனை உயரத் தூக்கிப் பிடித்து, அறையைச் சுற்றி நடந்தபடி, நான் கடைக்காரரிடம் பேசுவதுபோல, "அலோ… அலோ… டவர் இல்ல… அண்ணா வண்டி மலை எறங்கிடுச்சு அண்ணா… வந்துக்கினே கீது… அலோ" என்றார். கலை மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். என் மனைவி, என் துணை! சமரசர் அம்மா தண்ணீர் பாட்டிலை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்த அம்மா சாமர்த்தியக்காரர். சிரிப்பு அடங்கியதும் எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார். "உங்க ரெண்டு பேருக்கும் சம்மதம்னா, கொஞ்ச நேரம் இவங்களே பேசட்டும். நீங்க கேளுங்க. உங்களைப் பத்தித் தப்பா எதாவது சொன்னா கைய மட்டும் தூக்குங்க." வேறு வழி? தலையாட்டினோம்.

கலை அண்ணனாகவே திரும்ப உட்கார்ந்தாள். இந்த முறை முழங்காலைத் தட்டவில்லை. மெதுவாகத்தான் பேசினாள்.

"மிஷினு எங்க வேணா இருக்கட்டும் தம்பி. லாரி வந்தது எனக்கு முன்னாடி ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. 'இன்னா கோவிந்தா, மிஷினு எங்கப்பா போவுது'ன்னு என்னக் கேக்குறாங்க. எங்க பங்கு, எங்க மில்லுன்னு சொல்லிக்கினு திரிஞ்சவன் நானு. எனக்கே தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? அந்த வெக்கத்துலதான் பூட்டுனேன்."

அண்ணன் கை மெல்ல உயர்ந்தது. "தப்பா சொல்றாங்களா?" என்றார் சமரசர் அம்மா.

"இல்லீங்க" என்றார் அண்ணன். கண் கலங்கியிருந்தது. "இன்னும் கொஞ்சம் சொல்லச் சொல்லுங்க. எனக்கு இந்த மாதிரி சொல்ல வரல."

ஒரு வாரமாக இதே பேச்சைச் சோற்றுத் தட்டுக்கு எதிரே கேட்டேன். அப்போது அது எனக்கு விழுந்த அடியாக மட்டும்தான் தெரிந்தது.

வேடியப்பன் முறை வந்தது. துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் கடைக்காரனுக்குப் பொய் சொல்லிட்டுப் போன வெப்பேன். வெச்சதும் பாறை மேல உக்காந்து தலைல கைய வெச்சுக்குவேன். ஜீப்புலருந்து பாக்குறவனுக்கு மட்டுந்தான் அது தெரியும். அண்ணன்கிட்ட வந்து சிரிச்சுக்கினே பேசுவேன். வூட்டுக்குப் போனா பொண்டாட்டிகிட்டயும் சிரிப்பேன். எனக்குப் பயமா கீதுண்ணா. கடை ஒவ்வொண்ணா வுட்டுப் போவுது. சொன்னா நீங்க என்ன நம்பமாட்டீங்களோன்னு சொல்லல."

நான் கையைத் தூக்கவில்லை. கலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணனும் அன்றைக்கு முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "இத்தச் சொல்றதுக்கு இன்னா தம்பி?" என்றார். அதில் கோபமே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது பெரிய விஷயமே இல்லை. கரன்ட் இருக்கும்போது அரைத்து, அரிசியை ஒடுகத்தூரில் என் வீட்டுப் பின்கட்டில் இருப்பு வைத்துக்கொண்டால், கடைக்காரன் கேட்கும்போது மலைக் கரன்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மிஷின் மேலேயே இருக்கும், பாக்கெட் போடுவது கீழே நடக்கும். இது எங்கள் இருவரில் யாருக்காவது முன்பே தோன்றியிருக்கலாம். பூட்டு வாங்குவதில் மும்முரமாக இருந்துவிட்டோம். மில்லைப் பற்றிய எந்த முடிவும் இரண்டு பேரும் கொட்டகையில் நேரில் உட்கார்ந்து பேசித்தான் எடுக்க வேண்டும் என்று அண்ணன் கேட்டார், எழுதிக்கொண்டோம். கடைசியாக, பாக்கெட்டில் இருந்து என் போட்டோவை எடுத்துவிடுகிறேன் என்று நானே சொன்னேன். "எடுக்காத தம்பி" என்று பதறினார் அண்ணன். "எங்க ஊர்ல சாயங்காலமானா அத்தப் பாத்துத்தான் சிரிக்கிறோம்." பேசி, கடைக்குப் போகும் பாக்கெட்டில் சாமைக் கதிர் படம், பழைய பாக்கெட் ஒன்று மட்டும் கொட்டகைக் கதவில் என்று முடிவானது.

கையெழுத்துப் போட்டு வெளியே வந்தால் வானம் கறுத்துக்கிடந்தது. நால்வரும் வேடியப்பன் ஜீப்பில் ஏறி மலைக்கு விரைந்தோம். போய்ச் சேரும்போது தூறல் தொடங்கிவிட்டது. அண்ணன் மடியில் இருந்து சாவியை எடுத்துத் தன் பூட்டைத் திறந்தார். நான் பையில் கையை விட்டேன். புதுச் சட்டை! சாவி ஒடுகத்தூரில் பழைய சட்டையில் இருந்தது.

அண்ணன் கீழே குனிந்து ஒரு நல்ல கருங்கல்லாகப் பார்த்து எடுத்து என் கையில் கொடுத்தார். என் பூட்டை நானே உடைத்தேன். நல்ல கம்பெனிப் பூட்டு, லேசில் உடையவில்லை. நான் அடிக்க அடிக்க, "இன்னும் ஓங்கி அடி தம்பி" என்று மூட்டைக்காரர்கள் வேறு உற்சாகப்படுத்தினார்கள். கதவு திறந்ததும் எல்லாரும் சேர்ந்து மூட்டைகளை உள்ளே தள்ளினோம். கடைசி மூட்டை உள்ளே போனதும் மழை கொட்டியது. தகரத்தின் மேல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, மூட்டைகளின் மேல் படுத்துவிட்டேன். அப்பாடா! அதுபோன்ற நிம்மதி எனக்கு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

இப்போது கொட்டகைக் கதவில் மறுபடியும் கயிறுதான். மேலே என் போட்டோ, மழையில் நனைந்து வெளுத்துப்போய், இன்னும் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் கலைக்குப் பெயர் கோவிந்தன் என்றே ஆகிவிட்டது. நான் எதற்காவது முரண்டு பிடித்தால், "கோவிந்தனக் கூப்புடட்டுமா?" என்று கேட்டு முழங்காலைத் தட்டக் கையைத் தூக்குவாள். நான் உடனே பணிந்துவிடுவேன்.

போன மாதம் பாறை மேல் இருந்து அண்ணன் போன் செய்தார். "தம்பி, பக்கத்து ஊருக்காரங்க இன்னொரு மிஷினு போடச் சொல்லிக் கேக்குறாங்க. முடிவ நீ வந்தப்புறம் ஒக்காந்து எடுக்கலாம். ஆனா எனக்கு அது வேணுமா, வேணாமான்னே தெரியல."

"உங்க மனசுல இன்னா தோணுது அண்ணா?"

"அதான் தெரியலன்றேனே. வூட்ல கோவிந்தன் இருந்தா போனக் குடு."

ஸ்பீக்கரில் போட்டுக் கலையிடம் நீட்டினேன். அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். இரண்டு தடவை செருமினாள். முழங்காலில் தட்டினாள்.

"அது இன்னான்னா தம்பி…"

"சொல்லுங்கண்ணா" என்றார் கோவிந்தன் அண்ணன், ரொம்ப மரியாதையாக.